மறைமாவட்ட பில்டிங் ஆபீஸ்: 5க்கு 2 ஸ்டார், ரெண்டும் கிளார்க் அக்காவுக்கு

எங்க பங்குக் கோயில் (பங்குன்னா ஒரு ஃபாதர் பொறுப்புல இருக்குற கத்தோலிக்க மக்கள் கூட்டம்) கூரை ஒழுகுச்சு, அதைச் சரி பண்ணப் போனோம், பண்ணியும் முடிச்சோம், ஆனா காசை யாரு குடுக்குறதுங்குற சண்டை மட்டும் ஒன்றரை வருஷம் ஓடிச்சு. அந்த ஒன்றரை வருஷத்துல நான் அதிகமா ஏறி எறங்குன எடம் எங்க மறைமாவட்டத்தோட (ஒரு பிஷப் கீழ வர்ற பங்குகள் எல்லாம் சேந்தது) பில்டிங் ஆபீஸ்தான், அதனால ரிவ்யூ அதுக்கு. எந்த மறைமாவட்டம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஆயர், அதான் பிஷப், இதெல்லாம் படிக்கிறாரோ என்னவோ, அவரைச் சுத்தி இருக்கிறவங்க கண்டிப்பா படிப்பாங்க.

நான் பங்கு நிதிக்குழுவுல கணக்கு எழுதுறவன். வரவு செலவு பாக்குற நிதிக்குழுவையும், மத்த பங்குக் காரியங்களுக்கு யோசனை சொல்ற பங்குப்பேரவையையும் ஒண்ணுன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. இல்ல. பேரவை வேணுமா வேணாமான்னு ஆயர் முடிவு பண்ணலாம், நிதிக்குழு ஒவ்வொரு பங்குலயும் இருந்தே ஆகணும், திருச்சபைச் சட்டம் 537 அதைத்தான் சொல்லுது. எங்க குழுவுல மூணு பேரு, நான், பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார், தையல் கடை வச்சிருக்க ஒரு அக்கா. மூணு பேர்ல வெவரமானவங்க தையல் அக்காதான், அது போகப் போகத் தெரியும்.

பங்கு ஏழைப் பங்கு. ஆனா சொத்துன்னு எழுத ஆரம்பிச்சா பக்கம் நெறஞ்சிரும்: கோயில், ஃபாதர் வீடு, சிஸ்டர்ஸ் இருக்குற வீடு, மூடிக் கெடக்குற பழைய ஸ்கூல் கட்டடம், கல்லறைத் தோட்டம் அதோட சுத்துச் சுவர், ரெண்டு கிளைச் சிற்றாலயம். வரவுன்னு எழுதுனா ஞாயித்துக்கிழமை காணிக்கை, திருவிழா வரி, அவ்ளோதான். இத்தனை கட்டடமும் ஒரு காலத்துல யாரோ பெரிய மனசு பண்ணிக் கட்டிக் குடுத்தது. அதைப் பராமரிக்கிறதுக்கும் சேத்து பணம் வச்சிட்டுப் போகணும்னு அன்னைக்கு யாருக்கும் தோணல.

சரி சர்வீஸுக்கு வருவோம். மொதல்ல குடுத்த மனு காணாமப் போச்சு. காணாமப் போச்சுன்னு அவங்க ஒத்துக்கல, "அப்படி ஒண்ணு வரவே இல்லையே"ன்னாங்க. என் காப்பியில அவங்க சீல் இல்லாததால நானும் ஒண்ணும் பேச முடியல. ரெண்டாவது மனு குடுத்து நாலு மாசம் கழிச்சு இன்ஜினியர் வந்தாரு, அதுவும் நல்லா வெயில் அடிக்கிற ஒரு நாள்ல வந்து அண்ணாந்து பாத்துட்டு "எங்க ஒழுகுது?"ன்னு கேட்டாரு. சூசையப்பர் சுரூபத்துக்குப் பின்னாடி சுவர் முழுக்க டீக்கறை மாதிரி எறங்கியிருந்ததைக் காட்டுனோம், நற்கருணைப் பேழைக்கு மேல கயிறு கட்டி விரிச்சிருந்த பாலித்தீன் ஷீட்டைக் காட்டுனோம். பாத்துட்டு, "இவ்ளோ கொஞ்ச பேருக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கட்டடம், பக்கத்துப் பங்கோட சேந்துக்கலாமே"ன்னு போற போக்குல ஒரு வார்த்தை விட்டாரு பாருங்க, அன்னைக்குச் சாயந்தரமே ஒவ்வொரு அன்பியத்துலயும் (பங்குக்குள்ள பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் கூடுற சின்னக் குழு) கோயிலை மூடப் போறாங்கன்னு பேச்சாயிருச்சு.

அதுக்குத் தையல் அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "சார் அதை எழுத்துல குடுங்க." அவரு வாயை மூடிக்கிட்டாரு. ஏன்னா எழுத்துல ஆணைன்னு வந்துட்டா எதிர்த்துக் கேக்க வழி இருக்கு. மொதல்ல ஆயர்கிட்டயே மாத்தச் சொல்லி பத்து நாளைக்குள்ள கேக்கணும், அது நடக்கலன்னா பதினஞ்சு நாளைக்குள்ள மேல ரோமுக்குப் போகலாம். வாய்ப்பேச்சை எதிர்த்து எங்க போறது? 2020ல வத்திக்கான்ல குருக்கள் காரியம் பாக்குற துறையான குருக்களுக்கான பேராயம் விட்ட அறிவுறுத்தல்லயும் இதைப் பத்தி இருக்கு, மறைமாவட்டத்துக்குப் பணமுடை, குருக்கள் பத்தல, ஜனம் கொறஞ்சு போச்சு, இதெல்லாம் ஒரு கோயிலை வழிபாட்டுல இருந்து எடுக்குறதுக்குக் காரணம் ஆகாது. ஆனா கட்டடம் வழிபாட்டுக்கே லாயக்கில்லாம ஆகி ரிப்பேரும் பண்ண முடியாதுன்னா அது காரணம் ஆகும். எனக்கு வயித்தைக் கலக்குனது அந்தக் கடைசி வரிதான். ரிப்பேரைத் தள்ளித் தள்ளிப் போட்டா காரணம் தானா வந்து நிக்கும்ல?

அடுத்து காசுப் பேச்சு. ஆபீஸ்ல சொன்ன பதில், "சொத்து உங்க பங்கோடது, செலவும் உங்களோடது." நான் சொன்னேன், அப்ப ரோட்டை ஒட்டி இருக்குற துண்டு எடத்தை வித்து கூரை போட்டுக்குறோம்னு. "அதுக்கு ஆயர் அனுமதி வேணும், அது அவ்ளோ லேசுல கிடைக்காது"ன்னாங்க. அதாவது செலவு வந்தா சொத்து எங்களோடது, விக்கணும்னா அவங்க கையெழுத்து. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாடு எறங்கல எனக்கு.

ஆனா நேர்மையா எழுதணும்ல, சட்டத்தை எடுத்துப் படிச்சா ரெண்டுமே சரிதான். பங்குங்கிறது சட்டப்படி ஒரு தனி ஆள் (515), அது பேர்ல வந்த சொத்து அதுக்கே சொந்தம் (1256), மறைமாவட்டத்துக்குச் சொந்தம் இல்ல. ஆயர் மேற்பார்வைதான் பாக்குறாரு. இந்த ஏற்பாட்டுல நமக்கும் நல்லது இருக்கு, நாளைக்கு வேற எங்கயோ மறைமாவட்டத்துக்குக் கடன் ஏறுனா எங்க கல்லறைத் தோட்டத்துல கை வைக்க முடியாது. இதை மொத நாளே ரெண்டு வரியில எழுதிக் குடுத்திருந்தா பாதி சண்டை நடந்திருக்காது, எனக்கு இருக்குற கோவம் அதுதான். ஏன் குடுக்கலன்னா, எழுதிக் குடுத்தா "அப்ப ஏழைப் பங்கு என்ன பண்ணும்?"ங்கிற அடுத்த கேள்விக்கும் எழுதித்தான் பதில் சொல்லணும், வேறென்ன.

இந்தக் கேள்வி ஒண்ணும் புதுசு இல்லன்னு செமினரியில சட்டம் நடத்துன வயசான ஃபாதர் ஒருத்தர் சொன்னாரு. 1562ல, ஆயர்கள் எல்லாம் கூடுன திரெந்து பொதுச்சங்கத்துலயே இதுக்கு வரிசை போட்டு வச்சிருக்காங்களாம், இடிஞ்சு கெடக்குற பங்குக் கோயிலை மொதல்ல அந்தக் கோயில் வருமானத்துல சரி பண்ணணும், பத்தலன்னா கோயிலுக்குப் புரவலரா இருக்குறவங்களும் அந்த வருமானத்துல பங்கு வாங்குறவங்களும் குடுக்கணும், அவங்களும் இல்லன்னா பங்கு மக்கள். எல்லாருமே ரொம்ப ஏழைன்னா தாய்க் கோயிலோடயோ பக்கத்துக் கோயிலோடயோ சேத்துரணும். (நம்ம இன்ஜினியர் அறியாமலே நானூத்தம்பது வருஷப் பழைய சட்டம்தான் பேசியிருக்காரு.) 1917 சட்டத்தொகுப்புலயும் அதே மாதிரி வரிசை உண்டு, ஆனா மக்களைக் கட்டாயப்படுத்துறதை விட எடுத்துச் சொல்லிக் கேக்கணும்னு சேத்திருந்தாங்க. 1983ல வந்த இப்ப இருக்குற தொகுப்புல அந்த வரிசையே கிடையாது. பொறுப்பு இருக்குறவங்க கோயிலைப் பாத்துக்கணும், நிர்வாகி நல்ல குடும்பத் தலைவன் மாதிரி சொத்தைக் காப்பாத்தணும், இன்சூரன்ஸ் தேவைன்னா போடணும், பட்ஜெட் போடுறது நல்லது, இப்படித்தான் போகுது. காசு இல்லாத குடும்பத் தலைவன் என்ன பண்ணணும்னு அதுல இல்ல.

இனிமே பெரிய சண்டை. ஒருவழியா எஸ்டிமேட் பாஸ் ஆகி, மூணு கொட்டேஷன் வாங்கி, கொறஞ்ச ரேட்டுக்காரரைப் பிடிச்சு வேலை ஆரம்பிச்சாச்சு. ஓடுகளை எறக்குன ரெண்டாம் நாள் மேஸ்திரி என்னை மேல கூப்பிட்டாரு. ஓடுகளைத் தாங்குற கைமரத்துல ஒரு ஆணியை வச்சு கட்டைவிரலால அமுத்துனாரு, சுத்தியல் கூட இல்ல, ஆணி முழுசா உள்ள போயிருச்சு. வெளிய பெயிண்ட் மட்டும்தான் மரம் மாதிரி இருக்கு, உள்ள பூரா கரையான் தின்னு நனைஞ்ச அட்டைப்பெட்டி கணக்கா கெடக்கு. எஸ்டிமேட்ல ஓடு மாத்துறதும் ரீப்பர் மாத்துறதும்தான் இருந்துச்சு, கைமரம் இல்ல. வெயில்ல வந்து அண்ணாந்து பாத்தா கைமரத்துக்குள்ள தெரியுமா?

அப்ப இருந்த ஃபாதர்கிட்ட போனோம். நல்ல மனுஷன், எதுக்கும் இல்லன்னு சொல்லத் தெரியாது. கூரை தெறந்து கெடக்கு, வானம் இருட்டிக்கிட்டு வருது, "பண்ணுங்கப்பா, பாத்துக்கலாம்"னுட்டாரு. பேப்பர்ல ஒண்ணும் போடல. நிதிக்குழுவைக் கூட்டல. ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போடல. நானும் பக்கத்துலதான் நின்னேன், வாயைத் தெறக்கல, அந்தத் தப்பு என் மேலயும் உண்டு. வேலை முடிஞ்சு எக்ஸ்ட்ரா பில்லுன்னு வந்தப்ப அது ஒரிஜினல் எஸ்டிமேட்ல முக்கால்வாசி இருந்துச்சு. ஆறு வாரத்துல ஃபாதருக்கு மாத்தல்.

புது ஃபாதர் பில்லைப் பாத்துட்டு "இதுல என் கையெழுத்து இல்லையே"ன்னாரு. அவரைச் சொல்லியும் குத்தமில்ல. நிர்வாகப் பொறுப்பு ஏத்துக்குறப்ப சொத்துக் கணக்கெடுத்து லிஸ்ட் போட்டு கையெழுத்து வாங்கணும்னு சட்டம் (1283), லிஸ்டும் போட்டோம். அந்த லிஸ்ட் என் கையெழுத்துலதான் இருக்கு: கதிர்பாத்திரம் ஒண்ணு, பூசைக் கிண்ணம் மூணு, தூபக்கலசம் ஒண்ணு சங்கிலி அறுந்தது, பிளாஸ்டிக் சேர் 64, அதுல கால் ஒடஞ்சது 9. சேர்ல கால் ஒடஞ்சதைக் கூட எண்ணி எழுதுனவன் தலைக்கு மேல நிக்கிற பில்லை எழுதல.

மேஸ்திரி பாவம் மூணு மாசம் பொறுத்தாரு, அப்புறம் வக்கீல் நோட்டீஸ் விட்டாரு. நோட்டீஸுக்குப் பதில் சொல்லி கோர்ட்டுல நிக்கணும்னா அதுக்கும் ஆயர்கிட்ட எழுத்து மூலமா அனுமதி வாங்கணும் (1288), பங்கு தானா கேஸ் போடவும் முடியாது, வந்த கேஸுக்கு தானா போய் நிக்கவும் முடியாது. அனுமதி கேட்டு பில்டிங் ஆபீஸ் வழியா அனுப்புனோம், அஞ்சு வாரம். அஞ்சு வாரம் கழிச்சு வந்த பதில் அனுமதியும் இல்ல மறுப்பும் இல்ல, போன்ல ஒரு பேச்சு: "பழைய ஃபாதர் அனுமதி இல்லாம பண்ணது, அது செல்லாது, பங்குக்குப் பொறுப்பு இல்ல, அவரே கட்டட்டும்." மாசாமாசம் கைச்செலவுக்கு வாங்குற ஒரு சாமியாரு எதை வித்துக் கட்டுவாரு?

இங்கதான் அந்த ரெண்டு ஸ்டார். ஆபீஸ்ல ஃபைல் பாக்குற ஒரு கிளார்க் அக்கா இருக்காங்க, மேல யாரும் இல்லாத நேரமா பாத்து என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, அவங்க 1281ல பாதியைத்தான் சொல்றாங்க, முழுசாப் படிங்க"ன்னாங்க. படிச்சேன். நிர்வாகி வரம்பு மீறி செல்லாத காரியம் பண்ணா பங்கு பொறுப்பு இல்லங்கிறது சரிதான், ஆனா அதுல பங்குக்கு எவ்ளோ நன்மை வந்துச்சோ அந்த அளவுக்குப் பொறுப்பு உண்டு. கைமரம் எங்க இருக்கு? எங்க தலைக்கு மேல இருக்கு. அதுக்குக் கீழ உக்காந்துதான் பூசை பாக்குறோம். அப்ப பில்லுல எவ்ளோ நெசம்ங்கிறது மட்டும்தான் கேள்வி, குடுக்கணுமா வேணாமாங்கிறது கேள்வியே இல்ல. ஃபாதர் மாறுனாலும் பங்கு அதே பங்குதான், கடனும் அதே கடன்தான்.

அதுக்கப்புறம் வேலை வேகமா நடந்துச்சு, ஆபீஸ்னால இல்ல, தையல் அக்காவால. பில்லுல புது கைமரம் 38ன்னு போட்டிருந்தாங்க. அக்கா கழுத்துல தொங்குற டேப்போட ஏணி போட்டு மேல ஏறி, ஒவ்வொண்ணா எண்ணி, நீளம் அகலம் அளந்து, கீழ நிக்கிற என்கிட்ட கத்துறாங்க, நான் எழுதுறேன், கீழ பேங்க் சார் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு "பாத்து பாத்து"ன்னு செபமாலை சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே இருக்காரு. 31தான். மிச்சம் ஏழு பழைய மரம், எண்ணெய் அடிச்சு விட்டிருக்கு. மேஸ்திரியை வர வச்சு காட்டுனோம், அவரு கோவப்படவும் இல்ல, "பசங்க எழுதுனது சார்"னுட்டு வெட்டிக் குடுத்தாரு. 31க்கு உண்டான காசு, மூணு தவணை, எல்லாரும் கையெழுத்து. நோட்டீஸை அவரே வாபஸ் வாங்கிட்டாரு. வேலைல குறை சொல்ல ஒண்ணுமில்ல, ரெண்டு மழை பாத்தாச்சு, சூசையப்பர் காஞ்சு போயிருக்காரு. மேஸ்திரிக்குத் தனியா ரிவ்யூ போட்டா நாலு குடுப்பேன், எண்ணத் தெரியாததுக்கு ஒண்ணு கொறச்சு.

மூணு தவணைக்குக் காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. மொத தவணை பங்கு சேமிப்பு, அதோட சேமிப்பு காலி. ரெண்டாவது மறைமாவட்டப் பொது நிதியில இருந்து கடன், மானியம் இல்ல கடன், மாசாமாசம் கட்டிக்கிட்டு இருக்கோம். மூணாவதுதான் கதை. ஒரு பெரியவர் செத்துப்போன சம்சாரம் ஞாபகமா புது மணி வாங்கன்னு ஒரு தொகை குடுத்து வச்சிருந்தாரு. பேரவைல எல்லாரும் அதை எடுங்க அதை எடுங்கன்னு ஒரே சத்தம். எடுக்க முடியாதுங்க, ஒரு காரியத்துக்குன்னு குடுத்த காணிக்கையை அந்தக் காரியத்துக்குத்தான் போடணும், 1267ல தெளிவா இருக்கு. சும்மா சட்டம் பேசாதன்னு என்கிட்ட சண்டைக்கே வந்தாங்க. கடைசில நானும் ஃபாதரும் அவரு வீட்டுக்கே போய் நெலமையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அவ மணிச் சத்தம் கேட்டு கோயிலுக்கு வந்தவதான், ஆனா வந்து நனைஞ்சுக்கிட்டு நிக்க மாட்டா"ன்னாரு. தாள்ல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. ஒரே கண்டிஷன், எவ்ளோ எதுக்குப் போச்சுன்னு பூசை முடிஞ்சு வாசிக்கணும். அது அவரு கேக்காமலே நாங்க செய்ய வேண்டியது, காணிக்கை போட்டவங்களுக்குக் கணக்குச் சொல்லணும்னு 1287ல இருக்கு, நாங்கதான் பல வருஷமா சொல்லல. மூணு ஞாயித்துக்கிழமை வாசிச்சேன். மூணாவது வாரம் உண்டியல் கொஞ்சம் கனமா இருந்துச்சு, அதைப் பெருசா எடுத்துக்க வேணாம், அன்னைக்கு ஞானஸ்நானம் ரெண்டு.

சிஸ்டர்ஸ் வீட்டுச் சமையக்கட்டுச் சாக்கடைச் சண்டை தனி. வீடு பங்கோடது, இருக்குறது அவங்க சபை, எழுதுன ஒப்பந்தம் ஏதும் கிடையாது, துறவறச் சபைகிட்ட வேலை ஒப்படைச்சா பணம் உட்பட எல்லாத்தையும் எழுதி வைக்கணும்னு 681ல இருக்கு, முப்பது வருஷமா யாரும் எழுதல. பாதிப் பாதின்னு முடிஞ்சுச்சு. பில்டிங் ஆபீஸ் இதுல தலையிடல, நல்லதாப் போச்சு.

ஆக ஆபீஸைப் பத்தி. ஃபாரம் எல்லாம் ஒழுங்கா இருக்கு, மூணு கொட்டேஷன் விதி நல்ல விதி, அது இல்லன்னா நாங்க தெரிஞ்ச ஆள்னு யாருக்கோ குடுத்து ஏமாந்திருப்போம், கடன் குடுத்தாங்க அதையும் சொல்லணும். ஆனா நம்மகிட்ட எல்லாத்தையும் ரெண்டு காப்பி எழுத்துல கேக்குறவங்க, அவங்க முடிவை மட்டும் போன்லதான் சொல்றாங்க. "யாரு காசு?"ன்னு ஒன்றரை வருஷம் கேட்டேன், ஒரு லெட்டர்ஹெட்ல ஒரு வரி வரல. இன்ஜினியர் ஓடுகளை எறக்கிப் பாக்காம எஸ்டிமேட் போடுறாரு, எக்ஸ்ட்ரா வேலைன்னு வந்தா ரெண்டு நாளைக்குள்ள அனுமதி குடுக்க ஒரு வழியும் இல்ல. கூரையைத் தெறந்து வச்சுக்கிட்டு கூட்டம் கூடுற வரைக்கும் எந்த ஃபாதரும் காத்துக்கிட்டு இருக்க மாட்டாரு, அதனால எல்லா ஃபாதரும் வாயாலதான் சொல்வாங்க, எல்லாப் பங்குலயும் இதே சண்டை வரும்.

போறவங்களுக்கு: காலையில போங்க, மதியத்துக்கு மேல சீல் வைக்கிறவரு சீட்டுல இருக்க மாட்டாரு. கிளார்க் அக்கா உக்காந்திருக்கிறது மாடியில, உள்ள நுழைஞ்சதும் இருக்குற கவுண்டர்ல கேட்டா சொல்ல மாட்டாங்க. ஃபோட்டோ மழை பெய்யிறப்பவே எடுத்து வச்சுக்குங்க.

போன மாசம் கல்லறைச் சுவர் ஒரு பக்கம் சரிஞ்சிருச்சு. திங்கக்கிழமை மனு குடுத்துட்டு வந்தேன். சுவர் நம்மளோடதா பக்கத்து எடத்துக்காரரோடதான்னு கேட்டிருக்காங்க, பத்திரத்தைத் தேடணும். என் காப்பியில சீல் இருக்கு.